நீயும் நானும் மறைத்த காயம்

அன்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசிய இருபது நிமிடமும் உன் இடது கையை எனக்குக் காட்டவே இல்லை. நூடுல்ஸ் கிண்ணத்தை ஒரே கையால் நகர்த்தினாய். தலையைச் சொறிய வேண்டி வந்தபோது கைப்பேசியை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு வலது கையாலேயே சொறிந்தாய். அப்போது கைப்பேசி ஒரு பக்கமாகச் சரிந்தது. உன் கட்டைவிரல் இடுக்கில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டேன். துணி வெள்ளையாக இல்லை, மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது. “கையில இன்னாடா?” என்று கேட்டேன். “ஒண்ணியும் இல்லமா, சும்மா கீறல்” என்றாய். சொன்ன வேகத்தில் அங்கே பனி விழுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, ஜன்னலைத் திறந்தும் காட்டினாய். “பாத்தியாமா?” என்று கேட்டாய். பார்த்தேன் என்று சொன்னேன். பனி எதையும் நான் பார்க்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டால் நீ மறுபடியும் பேச்சை மாற்றுவாய் என்று தெரியும். அதனால்தான் உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக உங்கப்பா சொல்லியிருக்கிறார். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி. முதலில் உன் கையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ ஜப்பானில் இப்போது செய்கிற வேலையைத்தான் நான் மறைமலைநகரில் பத்தொன்பது வருடம் செய்தேன். கார் கதவுக்கான இரும்புத் தகட்டை எந்திர அச்சில் அழுத்தி எடுக்கிற வேலை. அச்சிலிருந்து வெளியே வரும் தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், தூக்கும்போது கொஞ்சம் வழுக்கினாலும் கட்டைவிரல் இடுக்கில்தான் இறங்கும். அந்த இடத்துக் காயம் விரலை மடக்கி நீட்டும்போதெல்லாம் திறந்துகொள்ளும், லேசில் ஆறாது. இதைப் படித்ததும் முதலில் உன் வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பிறகு கட்டைப் பிரி. துணி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதே, தண்ணீரில் ஊறவிட்டு எடு. குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் ஐந்து நிமிடமாவது காயத்தைப் பிடி. ஐந்து நிமிடம் என்பது நீ நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பார்த்துப் பிடி. டெட்டாலைக் காயத்துக்குள் ஊற்றாதே, அது வளர்ந்துவருகிற புதுச் சதையையும் சேர்த்து எரிக்கும். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மருந்துக்கடையில் விற்கிற காஸ் துணி வைத்துக் கட்டு. கட்டு நனைந்தால் உடனே மாற்று, நனையாவிட்டாலும் தினம் ஒரு தடவை மாற்று. காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்று யாராவது சொல்வார்கள். காய்வது வேறு, ஆறுவது வேறு. மூடி வைத்த காயம்தான் நன்றாக ஆறும்.

கட்டு மாற்றும்போது வெளிச்சத்தில் வைத்துப் பார். சுற்றிலும் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடு. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் வேலைக்குப் போகாதே, டாக்டரிடம் போ. சீழ் வைத்தாலும், நாற்றம் வந்தாலும், கையில் சிவப்பாக ஒரு கோடு மேலே ஏறினாலும், அக்குளில் நெறி கட்டினாலும், காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். கட்டைவிரல் நுனி மரத்துப்போயிருந்தாலோ, விரலை முழுதாக மடக்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, உள்ளே நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். ரணஜன்னி வராமல் இருக்கப் போடுகிற டி.டி. ஊசி உனக்குக் கடைசியாகப் போட்டது பத்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில். பத்து வருடம் ஆகிவிட்டது. இன்னொன்று போட வேண்டும் என்று டாக்டரிடம் நீயே கேள். பாஷை வரவில்லை என்று கூச்சப்படாதே. கையை நீட்டிக் காட்டினால் எந்த ஊர் டாக்டருக்கும் புரியும்.

எனக்கும் இதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் பக்கத்தில் நின்ற வசந்தாவுக்கு முழங்கைக்குக் கீழே தகடு இறங்கிவிட்டது. திறந்துவிட்ட குழாய் மாதிரி ரத்தம். நாங்கள் சுற்றி நின்று கத்தினோம். ஒருத்தி கேன்டீனுக்கு ஓடிப் போய்க் காபித்தூள் டப்பாவோடு வந்தாள், அதிலிருந்து அள்ளி அள்ளி வைத்தவள் நான்தான். தூள் எல்லாம் சேறு மாதிரி வழிந்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை. அப்போது கம்பெனி பஸ் டிரைவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். எங்களைத் தள்ளிவிட்டு, துவைத்து மடித்து வைத்திருந்த தன் துண்டை எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். “அழுத்து. இன்னும் அழுத்து. அவ கைய மேல தூக்கிப் புடி” என்றார். ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க நான் துண்டைத் தூக்கப் போனேன். “எடுத்து எடுத்துப் பாத்துகினு இருந்தா எப்பிடி நிக்கும்? பத்து நிமிஷம் கைய எடுக்காத” என்றார். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டதைவிட காபித்தூளைக் கழுவி எடுக்கத்தான் அதிக நேரம் ஆனதாம். ஆறின பிறகும் வசந்தாவின் தழும்பில் கறுப்பாகச் சில புள்ளிகள் தங்கிவிட்டன. “நீ வெச்ச காப்பிதாண்டி” என்று என்னிடம் காட்டிச் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அதற்குப் பிறகு முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். பயிற்சி முடித்தவர்களுக்குச் சட்டைக் கையில் குத்திக்கொள்ள ஒரு பச்சைத் துணி கொடுத்தார்கள், நடுவில் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டது. அன்றிலிருந்து எங்கள் லைனில் யாருக்கு என்ன கீறினாலும் “அக்கா” என்று என்னிடம்தான் வந்தார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. எப்படிப் பட்டது என்றுகூடக் காயத்தைக் கழுவிக் கட்டின பிறகுதான் கேட்பேன். அவ்வளவு பொறுமை எனக்கு இருந்தது. அதையெல்லாம் கம்பெனியிலேயே செலவழித்துவிட்டு, பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் உன்னிடம் வந்து நிற்பேன்.

உனக்கு அப்போது பதினோரு வயது. மாமல்லபுரத்துக் கடல் இழுக்கிற கடல். நம் தெருவிலேயே ஒரு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டம்மா கதறினதைக் கேட்ட நாளிலிருந்து, “கடல் பக்கம் போனது தெரிஞ்சா கால ஒடச்சிடுவேன்” என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஓவர்டைம் இருந்த ஒரு சனிக்கிழமை, நீ இரண்டு பையன்களோடு பஸ் ஏறிப் போய்விட்டாய். தண்ணீரில் இறங்கவில்லை என்று பிறகு சொன்னாய். நம்புகிறேன். பாறையின் மேல்தான் ஏறியிருக்கிறாய், அதில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பி உன் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி பஸ் நிலையம் வரை வந்து, நான் வருவதற்குள் வீடு வந்து சேர்ந்திருக்கிறாய்.

மறுநாள் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். “இன்னாடா, வூட்ல சாக்ஸு?” என்றேன். “குளுருதுமா” என்றாய். பங்குனி வெயிலில் குளிருகிறது என்கிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டாவது பார்த்திருக்க வேண்டும். நான் துணி துவைக்கப் போனேன். பாத்ரூம் தரையில் காபித்தூள் சிந்திக் கிடந்தது. “காப்பித்தூளு இன்னா உனுக்கு வெளயாட்டு சாமானா?” என்று கத்திக்கொண்டே கழுவிவிட்டேன். வசந்தாவின் கையில் காபித்தூள் வைத்ததை எத்தனையோ பேரிடம் சொல்லி, வைக்கக் கூடாது என்று பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை உனக்கு ஒரு நாளும் எடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வைத்ததைப் பார்த்து நீயும் வைத்துக்கொண்டாய்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது நீ போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “காலு வலிக்குதுமா” என்றாய். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாய் என்று நினைத்தேன். “எழுந்து நட, பாக்கலாம்” என்றேன். நீ எழுந்தாய். குதிகாலை மட்டும் ஊன்றி இரண்டு எட்டு வைத்தாய். நான் கன்னத்தில் அறைந்தேன். நீ சுவரோடு சரிந்து உட்கார்ந்தபோதுதான் உன் காலிலிருந்து வந்த நாற்றம் என் மூக்கில் ஏறியது. கம்பெனியில் ஒருமுறை முகர்ந்திருக்கிறேன். சீழ் பிடித்த புண்ணின் நாற்றம் என்று தெரிந்துவிட்டது.

சாக்ஸ் உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது. ஒட்டினதை இழுக்கக் கூடாது, ஊறவிட்டு எடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், பதறிப் போய் அதைப் பிடித்து இழுத்தேன். நீ கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய், அடுத்த அடி எப்போது விழும் என்று பார்ப்பதைப் போல. கணுக்காலிலிருந்து முழங்காலைத் தொடுகிறவரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. தொடை இடுக்கில் கை வைத்தேன், நெறி கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது.

உங்கப்பா வண்டி ஓட்ட, நடுவில் உன்னை வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கம்பெனி யூனிஃபார்மைக்கூட நான் மாற்றவில்லை. நர்ஸம்மா உன் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “எத்தினி நாளாச்சி தம்பி?”

“நாலு நாளு.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“எங்கம்மா அடிக்கும்.”

நர்ஸம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உன் கன்னத்தில் என் விரல் தடம் இன்னும் இருந்தது. என் சட்டைக் கையில் அந்தப் பச்சைத் துணி இருந்தது. இரண்டையும் பார்த்தார். மறுபடியும் காலைக் கழுவ ஆரம்பித்தார். நான் வராந்தாவுக்குப் போய் அந்தத் துணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் பரவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒன்பது நாள் அங்கே இருந்தாய். தினமும் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் நீ உங்கப்பாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டாய். ஒரு நாள் நான் என் கையை நீட்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, “அப்பா எங்க?” என்று கேட்டாய். அவர் டீ வாங்கப் போயிருந்தார். அவர் வரும்வரை டிரெஸ்ஸிங் வேண்டாம் என்று அடம்பிடித்தாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கு உனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அடித்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரியாணியே அதைச் சொல்லிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் உன்னைத் தொட்டு அடித்ததில்லை. நீயும் என்னிடம் எதையும் சொன்னதில்லை. டிப்ளமோவில் இரண்டு பாடம் போனது, வேலை கிடைக்காமல் சுற்றினது, படூரில் ஆறு மாதம் ஜப்பான் பாஷை படிக்கப் போனது, எல்லாமே உங்கப்பா வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. “அம்மா, நல்லா கீறேன்” என்கிற ஒன்றை மட்டும் நேராக என்னிடம் சொல்வாய். அந்த வார்த்தையை நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது நீ நன்றாக இல்லை என்று என்னிடம் சொல்ல மாட்டாயா என்று ஏங்குகிறேன். ஒரு தாய் ஏங்கக் கூடியதா இது என்று தெரியவில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குச் சுகர் இருப்பது உனக்குத் தெரியும். உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டிருந்தேன். நீ உள்ளே போன பிறகும் கண்ணாடிக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன், உன் முதுகுப் பை தெரிகிற வரைக்கும், அதற்கப்புறமும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வலது காலின் இரண்டாவது விரலுக்கு அடியில் தோல் உரிந்து ரத்தம். வலியே தெரியவில்லை. காலில் உணர்ச்சி குறைந்துபோனது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போனால் உங்கப்பா உனக்குச் சொல்லிவிடுவார், போய் இறங்கின முதல் வாரத்திலேயே உனக்கு இது எதற்கு என்று நினைத்தேன். வெந்நீரில் காலை வைத்தேன், சூடு தெரியாததால் அதுவும் புண்ணானது. சுகர் உள்ளவர்கள் செய்யக் கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து உங்கப்பா கேட்டார், “இன்னாமே, வூட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுகினு கீற?”

“குளுருதுங்க” என்றேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “காட்டு” என்றார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சாக்ஸை நனைத்து, ஊறவிட்டு, மெதுவாகக் கழற்றினார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் காலுக்குக் கட்டு மாற்றினதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்த விரலை எடுத்துவிட்டார்கள் அன்பு. ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் நீ வீடியோவில் என் முகத்தை மட்டும்தான் பார்த்தாய். பயப்படாதே, ஆறிவிட்டது. வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்கிறேன். தினமும் காலையில் குளித்துவிட்டு, கண்ணாடியை வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். நடக்க முடிகிறது. “புள்ளைக்கி சொல்லிடுமே” என்று உங்கப்பா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நான்தான் வேண்டாம் என்றேன். மறைக்கிற புத்தியை நீ வேறெங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. பதினோரு வயதில் உன்னை அடித்தது தப்பு. காலைப் பார்ப்பதற்கு முன்னால் அடித்தது அதைவிடத் தப்பு. இவ்வளவு காலம் கழித்துத்தான் என்னால் இதை எழுத முடிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது உங்கப்பாவிடம்கூட நான் ஒப்புக்கொள்ளாதது. விரல் எடுத்த பிறகு முதல் தடவை கட்டைப் பிரித்தபோது நான் கத்திவிட்டேன். உணர்ச்சி இல்லாத கால் என்று நினைத்திருந்தேன், வெட்டின இடத்தில் உயிர் போனது. யாரையோ கூப்பிட்டுக் கத்தினது ஞாபகம் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா படுத்திருந்தார், மீன் விற்கிறவர், அவருக்கும் கால் புண்தான். நர்ஸ் போன பிறகு என்னைக் கேட்டார், “யாரும்மா அன்பு?”

உங்கப்பா பதில் சொன்னார். “எங்க புள்ள. ஜப்பான்ல கீறான்.”

“அவனாண்ட சொன்னியா?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லுது.”

அந்த அம்மா என் பக்கமாகப் புரண்டு படுத்தார். கோபமாகக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். “கூப்ட்டா வந்துடுவானேன்னு பயமா, இல்ல கூப்ட்டும் வரமாட்டானோன்னு பயமா?”

“அவனுக்குப் புது வேலைமா, லீவு கெடைக்காது” என்றேன். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. இரண்டாவதுதான். கூப்பிட்டும் நீ வராமல் போய்விட்டால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று பயந்துதான் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கூப்பிடுகிறேன். லீவு கிடைக்கும்போது வா.

அம்மா